வில் வணங்கும், மாடு திரும்பும்: வீடு பெருக்கும் ரோபோவுடன் ஆறு மாதம்

வடசென்னையில், காலடிப்பேட்டையில் எங்கள் வீடு. காலையில் பெருக்கித் துடைத்த மொசைக் தரையில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலு அடி நடந்தால் உள்ளங்கால் கறுத்துவிடும். கன்டெய்னர் லாரிப் புகை, கரித்தூள், எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல் என்று தெருவில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எங்கிருந்து கிளம்பினாலும் வந்து சேருமிடம் எங்கள் கூடம்தான். முப்பத்தொரு வருஷம் ஜார்ஜ் டவுன் அச்சகங்களில் புரூப் பார்த்தவன் நான். ரிட்டயர் ஆனால் கையில் மை ஒட்டாது என்று நினைத்தேன். இப்போது காலில் ஒட்டுகிறது.

மனைவிக்கு இடுப்பு வலி, எனக்கு முழங்கால். குனிந்து துடைக்க ஆளில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் இரண்டு தீபாவளி பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்களைக் கேட்காமலே ஒரு ரோபோ வாக்குவத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டாள். தள்ளுபடி போக 18,499 ரூபாய். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. சர்வீஸ் கதை ஒன்று பின்னால் வருகிறது, எனக்கு எதற்கு வம்பு. இந்த விலையில் கிடைக்கிற மாடல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவைதான். அதனால் நான் சொல்வது எதை வாங்கினாலும் ஓரளவு பொருந்தும்.

கல்யாண வீட்டு தோசைக்கல் மாதிரி வட்டமாக இருக்கும். உயரம் பத்து சென்டிமீட்டருக்குள். உச்சியில் ஒரு சின்னக் கொண்டை. அந்தக் கொண்டைக்குள் லேசர் சுற்றிக்கொண்டே இருந்து சுவர் எத்தனை தூரம், பீரோ எத்தனை தூரம் என்று அளக்கிறது. அளந்ததை வைத்து வீட்டின் படத்தைத் தானே வரைந்து போனுக்கு அனுப்பிவிடும். முதல் நாள் எங்கள் வீட்டுப் படத்தைப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்தது, வீடு இவ்வளவு கோணலா என்று. கொத்தனார் போட்ட சுவர் ஒன்று இத்தனை வருஷமாகச் சாய்வாகவே நின்றிருக்கிறது, யாருக்கும் தெரியாமல்.

பட்டனை அழுத்தியதும் முதலில் சுவர் ஓரமாக ஒரு சுற்று போகிறது. அப்புறம் ஒரு மூலையில் நின்று, நேராக எதிர்ச் சுவர் வரை ஓடி, தன் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பக்கத்தில் நகர்ந்து, வந்த திசைக்கே திரும்பி ஓடுகிறது. போய்த் திரும்பி, போய்த் திரும்பி, கூடம் முழுக்க இப்படித்தான். முதல் நாள் நானும் மாமியாரும் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பார்த்தோம். டிவி போடவில்லை.

மேனுவலில் இந்த ஓட்டத்துக்கு என்ன பெயர் என்று பார்த்தேன். பழைய தொழில் புத்தி, எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் கடைசி வரி வரை படித்துவிடுவேன். ஆங்கிலத்தில் 'போ' வடிவச் சுத்தம் என்று போட்டிருந்தது, வில் என்று பொருள்படுகிற 'போ'. வில்லா? வில் வளைந்தல்லவா இருக்கும், இது நேர்நேராகப் போகிறதே என்று குழம்பினேன். மனைவிக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஆப்பைத் தமிழுக்கு மாற்றினால், அங்கே 'வணங்கும் முறை' என்று இருந்தது. ஆங்கிலத்தில் வில்லுக்கும் குனிந்து வணங்குவதற்கும் எழுத்து ஒன்றுதான். மொழிபெயர்த்த மிஷினுக்கு வில் தெரியவில்லை, வணக்கம் தெரிந்திருக்கிறது. ஆக எங்கள் வீட்டில் ஒரு தோசைக்கல் தினமும் காலை எட்டு மணிக்கு வணங்கும் முறையில் பெருக்குகிறது.

மாடி வீட்டுப் பையன் இன்ஜினியரிங்கில் ரோபோ சம்பந்தமாக ஏதோ படிக்கிறான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். சிரித்தான். "அது சீனாவுல செஞ்சது அங்கிள். சீன எழுத்துல வில்லுக்கு ஒரு எழுத்து இருக்கு. அந்த எழுத்தோட உருவமே இப்படித்தான், குறுக்கே போயி, மடங்கி, திரும்பக் குறுக்கே வரும். அந்த எழுத்து மாதிரி ஓடுதுன்னு அவங்க சொன்னாங்க. இங்கிலீஷ்ல போட்டவன் எழுத்தை விட்டுட்டு அர்த்தத்தை எடுத்துட்டான்." என்று சொல்லிவிட்டுக் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னான். "எங்க புத்தகத்துல இதுக்கு வேற பேரு. பூஸ்ட்ரோஃபீடன்."

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "பூஸ்ட் தீர்ந்துபோச்சு தம்பி, காப்பி போடட்டா?"

மூர் மார்க்கெட் எரிந்தது 1985இல். அதற்கு முந்தின வருஷம் அங்கே வாங்கிய ஆங்கில அகராதி ஒன்று, முதுகு உரிந்து, பீரோ மேலே கிடக்கிறது. இறக்கிப் பார்த்தேன், சொல் இருந்தது. கிரேக்கத்தில் பூஸ் என்றால் மாடு. ஸ்ட்ரோஃபே என்றால் திருப்பம். கடைசியில் ஒட்டியிருக்கும் டோன், நம் 'ஆக', 'மாதிரி' போல ஒரு விகுதி. சேர்த்தால், மாடு திரும்புகிற மாதிரி. வயல் கடைசி வரை உழுதுகொண்டு போன எருது, ஏரோடு திரும்பி அடுத்த சாலில் எதிர்த் திசைக்கு வருமே, அது. ஆனால் அகராதிக்காரர் இதை உழவுச் சொல்லாகப் போடவில்லை, எழுத்துச் சொல்லாகப் போட்டிருக்கிறார். ஒரு வரியை இடமிருந்து வலமாகவும் அடுத்த வரியை வலமிருந்து இடமாகவும் எழுதுகிற பழைய முறைக்குத்தான் இந்தப் பெயராம்.

எனக்கு இதைப் படித்ததும் பொறாமையாக இருந்தது. ஏன் என்று என் தொழிலில் இருந்தவர்களுக்குப் புரியும். படிக்கும்போது பிழை நடக்குமிடம் வரியின் நடுவில் இல்லை. வலது ஓரத்துக்குப் போன கண், இடது ஓரத்துக்கு வெறுங்கையோடு திரும்பி வருகிறதே, அந்தப் பாய்ச்சலில்தான் இருக்கிறது. ஒரே சொல்லில் தொடங்குகிற இரண்டு வரி அடுத்தடுத்து வந்துவிட்டால் தொலைந்தது. 1993இல் ஒரு கல்யாணப் பத்திரிகை. மூலத்தில் மேலும் கீழுமாக இரண்டு வரி 'திருவொற்றியூர்' என்று தொடங்கியிருந்தன. ஈய எழுத்து கோக்கும் கம்பாசிட்டர் ஒன்றை அடுக்கிவிட்டு, கண் கீழ் வரிக்குப் போனதும் அதை அடுக்கியாயிற்று என்று நினைத்துத் தாண்டிவிட்டார். புரூப்பில் நானும் தாண்டினேன். பெண்ணின் தாத்தா பெயர் இருந்த வரி அது. ஐந்நூறு பத்திரிகை திரும்ப அடித்தோம், காகிதக் காசு என் சம்பளத்தில் போனது. அதற்கப்புறம் வரிக்குக் கீழே ஒரு அட்டைத் துண்டை வைக்காமல் நான் எதையும் படித்ததில்லை. மாடு திரும்புகிற மாதிரி எழுதியிருந்தால் கண் பாயவே வேண்டாம். வரி முடிந்த இடத்திலேயே ஒரு படி இறங்கித் திரும்பிவிடலாம். தாத்தா தப்பித்திருப்பார்.

கஷ்டமும் உண்டு. திரும்பி வரும் வரியில் கிரேக்கர்கள் எழுத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பியே செதுக்கினார்கள். மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் படிக்க வேண்டும். இதுகூட எங்கள் ஆட்களுக்குப் பெரிய விஷயமில்லை. ஈய எழுத்து எல்லாமே கண்ணாடிப் பிம்பம்தான். பழைய கம்பாசிட்டர்கள் வரியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக, நாம் பேப்பர் படிக்கிற வேகத்தில் படிப்பார்கள். அவர்களைக் கிரீட் தீவுக்கு அனுப்பியிருந்தால் சமாளித்திருப்பார்கள்.

கிரீட் என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் கிரேக்கத் தீவில் கோர்ட்டின் என்ற ஊரில் கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று சுவரில் செதுக்கியிருக்கிறது. 12 பத்தி, சுமார் 600 வரி, எல்லாம் மாடு திரும்புகிற முறை. பாகப்பிரிவினை, தத்து எடுப்பது, விவாகரத்தானால் யாருக்கு எது என்பதெல்லாம் அதில் வருகிறது. வரி தாவிப் படித்தால் ஒருத்தன் பங்கு போய்விடும் என்கிற விஷயங்கள். அப்புறம் இந்த முறை வழக்கொழிந்துவிட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பௌசானியாஸ் என்ற கிரேக்கப் பயணி, ஒலிம்பியாவில் ஒரு பழைய மரப் பெட்டியில் இப்படி எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, தன் வாசகருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. ஓட்டப்பந்தயத்தில் கோடி வரை ஓடித் திரும்பி வருவார்களே அதுபோல, என்கிறார். மாட்டைச் சொல்லும் பெயருக்கு மனிதனை வைத்து விளக்கம்.

நம் பக்கமும் இருக்கிறது. கர்னூல் மாவட்டத்து எர்ரகுடியில் அசோகரின் சிறு பாறைக் கல்வெட்டில் சில வரிகள் வழக்கம்போல இடமிருந்து வலம் போகின்றன, சில வலமிருந்து இடம் வருகின்றன. பிராமி எழுத்தில் அது அபூர்வம். சிந்துவெளி முத்திரைகள் பெரும்பாலும் வலமிருந்து இடம். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரியுள்ள சிலவற்றில் மாடு திரும்பியிருக்கிறது.

அகராதியை மூடி வைக்க மனசு வரவில்லை. பூஸ் என்கிற மாட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அது எங்கெங்கோ இழுத்துப் போகிறது. ஆங்கில 'பட்டர்', கிரேக்கத்தில் மாட்டுப் பாலாடைக்கட்டி என்ற சொல்லிலிருந்து வந்தது. பாஸ்பரஸ் நீரிணை என்றால் மாட்டுத்துறை. ஆக்ஸ்ஃபோர்டும் அதேதான், மாடு கடக்கும் துறை. படிப்பாளி ஊர் என்று நாம் நினைக்கிறோம், பெயரில் மாடு தண்ணீருக்குள் நிற்கிறது. அடங்காத பசிக்கு 'புலிமியா' என்கிறார்களே, அது மாட்டுப் பசி. இதில் நாம் ஒரு படி மேலே. மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த பசிநோயின் பெயர் யானைத்தீ. சமஸ்கிருதக் 'கோ', ஆங்கிலக் 'கவ்', கிரேக்கப் 'பூஸ்' மூன்றும் ஒரே வேர் என்கிறார்கள். ஸ்ட்ரோஃபே பக்கம் போனால், என் வாழ்நாளில் பாதியைத் தின்ற அப்பாஸ்ட்ரஃபி என்கிற ஆங்கிலக் குறி நிற்கிறது. அப்பால் திரும்புதல் என்று அதற்கு அர்த்தம். என் மேஜையிலிருந்து எத்தனையோ தடவை அப்பால் திரும்பிப் போனது உண்மைதான்.

லத்தீனிலும் இதே கதை. திரும்புதல் என்ற வினையிலிருந்து வந்த 'வெர்சுஸ்', ஏர் திரும்பிய சாலையும் குறிக்கும், எழுத்து வரியையும் குறிக்கும். ஆங்கில 'வெர்ஸ்' அதன் பிள்ளை. உரைநடைக்கு இருக்கிற 'ப்ரோஸ்', திரும்பாமல் நேராகப் போவது. வரியை மடக்கி மடக்கிப் போட்டால் கவிதையா என்று நம் ஊரில் கேலி பண்ணுவோம். லத்தீன்காரர் அதைத்தான் பெயராகவே வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் மாமியாரிடம் சொன்னேன். எண்பத்து நாலு வயது, ஊத்துக்கோட்டைப் பக்கம், சின்ன வயதில் கழனிக் கஞ்சி சுமந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "இல்லீங்க மாப்பிள்ளை. மாட்டை எங்கயாவது அப்படி ஒட்டினாப்புல திருப்ப முடியுமா? கழுத்து முறிஞ்சிடும். விளா புடிச்சி, இந்தக் கோடியில போயி அந்தக் கோடியில வருவாங்க. அப்படியே சுத்திச் சுத்தி உள்ள வரும். இந்த மிஷின் மாதிரி போனா எங்கப்பா ஏர்காரனை வரப்புலயே நிக்கவச்சி கேப்பாரு."

கிரேக்க எருது ஒட்டித் திரும்பியதா என்று நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த மிஷின் முதலில் வரப்பு ஓரமாக ஒரு சுற்று போகிறதே, அது மாமியாருக்குப் பிடித்திருந்தது. "அது சரியா செய்யுது" என்று ஒத்துக்கொண்டார்.

சரி, மிஷினுக்கு வருகிறேன். மேஜை, நாற்காலி, கட்டில் இருக்கிற அறையில் நேர்க்கோடு ஓட முடியாதே, என்ன செய்கிறது? 1997இல் ஹோவி ஷோசெட், பிலிப் பிக்னான் என்ற இரண்டு பேர் இதற்கு ஒரு வழி எழுதினார்கள். அதன் பெயரிலேயே பூஸ்ட்ரோஃபீடன் இருக்கிறது. மாடிப் பையன் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினான். அறையின் குறுக்கே ஒரு கோடு நகர்ந்துகொண்டே வருவதாக வைத்துக்கொள்ள வேண்டும். தூண் ஒன்று வந்து அந்தக் கோட்டை இரண்டாக உடைத்தால், அங்கே அறையும் இரண்டு பாத்தியாகப் பிரிகிறது. தூண் முடிந்து கோடு மறுபடி சேர்ந்தால், பாத்தியும் சேர்ந்து புதிதாக ஒன்று ஆரம்பிக்கிறது. எல்லாப் பாத்தியையும் ஒரு பட்டியலில் போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் மாடு மாதிரி போய்த் திரும்பினால், ஒரு இடமும் விடுபடாது. எங்கள் வீட்டு மிஷினுக்குள் அதே கணக்குத்தான் ஓடுகிறதா, அதன் பேரப்பிள்ளையா, கம்பெனிக்குத்தான் வெளிச்சம். ஆனால் சாப்பாட்டு மேஜைக்கு இந்தப் பக்கம் முழுசாக முடித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போகிறது. பழைய மாடல் ரோபோக்கள் முட்டிய இடத்தில் திரும்பி, வழி தெரியாத வெளியூர்க்காரர் மாதிரி சுற்றுமாம். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள். கொண்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பெருக்குவது நன்றாகவே இருக்கிறது. 620 சதுரடி வீடு, ஒரு சார்ஜில் இரண்டு தடவை ஓடும். சத்தம் பழைய டேபிள் ஃபேன் அளவு, பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். முதல் நாள் குப்பைப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது தூசி இல்லை, பென்சில் சீவினால் விழுமே, அந்தக் கரித்தூள். ஒரு சட்டைப் பொத்தானும் என் மூக்குக்கண்ணாடித் திருகும் அதில் இருந்தன. திருகு காணாமல் போய் ஒரு வருஷம் ஆகிறது.

வடசென்னைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் தூசியில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அதனால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கிறது. ஆறு மாதம் வரும் என்று அட்டையில் போட்டிருந்த ஃபில்டர் எங்களுக்கு இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. நாலு நாளைக்கு ஒரு தடவை வாசலில் தட்ட வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத் தட்ட வேண்டும். உறிஞ்சுவதோடு விட்டால் உள்ளங்கால் கறுப்பு பாதிதான் போகும். ஈரத் துணி மாட்டித் துடைக்கவும் விட்டால்தான் தரை தரையாகிறது.

அந்த ஈரத் துணியால்தான் இந்த அனுபவத்திலேயே எனக்குப் பிடித்த சம்பவம் நடந்தது. முதல் வாரம் தண்ணீர்த் தொட்டியைச் சரியாக அழுத்தி மூடவில்லை. மிஷின் போன வழியெல்லாம் நீர் சொட்டி, வளைந்து வளைந்து ஒரு கோடு. மாமியார் பார்த்துவிட்டுச் சொன்னார், "என்ன மாப்பிள்ளை இது, மாடு நடந்துக்கிட்டே மூத்திரம் பேஞ்ச மாதிரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோமூத்திரி! அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்கிற சித்திரகவிகளில், அதாவது எழுத்தை வைத்து வித்தை காட்டும் பாட்டுகளில், ஒன்று அது. நாகபந்தம், மாலைமாற்று, சக்கரம் எல்லாம் வருகிற அதே வரிசையில் கோமூத்திரியும் வரும். நடக்கிற மாடு பெய்த நீர் தரையில் மேலும் கீழுமாக நெளியும் அல்லவா, அந்த நெளிவுதான் பெயர். செய்யுளின் முதல் பாதியை மேலேயும் மறு பாதியைக் கீழேயும் எழுதுவார்கள். ஒன்றுவிட்டு ஒன்று எழுத்து இரண்டு வரியிலும் ஒன்றாக இருக்கும்படி கட்டியிருப்பார்கள். மேலே 'கடலை', கீழே 'உடலை' என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 'க'வில் தொடங்கி, கீழே 'ட'வுக்கு இறங்கி, மேலே 'லை'க்கு ஏறினாலும் கடலைதான் வரும். இதை ஒரு முழுப் பாட்டுக்குச் செய்ய வேண்டும், அர்த்தமும் இருக்க வேண்டும். நாங்கள் ஒரு தடவை அணியிலக்கணக் குறிப்பு ஒன்றை அச்சிட்டபோது, கோமூத்திரிப் படத்தின் குறுக்குக் கோடுகளை ஈயத்தில் அடுக்க முடியாமல் கம்பாசிட்டர் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் பிளாக் செய்துதான் போட்டோம். அன்றைக்குப் பெயரைத் திருத்தினேனே தவிர, யோசிக்கவில்லை. வரி எப்படிப் போகிறது என்று சொல்ல கிரேக்கன் மாட்டின் முன்பக்கத்தைப் பார்த்திருக்கிறான், நம் ஆட்கள் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். எங்கள் வீடு பழசு, நிலைப்படி நாலு சென்டிமீட்டர். மிஷின் இரண்டு சென்டிமீட்டர்தான் ஏறும். ஒவ்வொரு அறைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். குனியக் கூடாது என்றுதானே வாங்கினோம் என்று முழங்கால் கேட்கிறது. வட்டமான உருவம் என்பதால் மூலையில் எப்போதும் ஒரு முக்கோணம் கறுப்பாக நிற்கும். பூஜை மாடத்துக்கு முன்னால் போட்ட மாக்கோலத்தை ஒரு வெள்ளிக்கிழமை துடைத்தே விட்டது. அதற்கப்புறம் ஆப்பில் அந்த இடத்துக்குச் சிவப்புக் கட்டம் போட்டு வைத்திருக்கிறோம், உள்ளே போகாது.

பெரிய எதிரி மல்லிகைப்பூ. தலையிலிருந்து உதிர்ந்த பூவை உறிஞ்சிவிடும், அதில் பிரச்சினையில்லை. பூக்கட்டிய நார் பிரஷ்ஷில் சுற்றிக்கொள்ளும். அதோடு ஒரு நீள முடியும் சேர்ந்தால் முறுக்கி முறுக்கிக் கயிறாகிவிடும். கத்தரியால் வெட்டி எடுக்க அரை மணி நேரம். நாலாவது மாதம் அப்படித்தான் ஒரு நார் ஓரப் பிரஷ்ஷின் அச்சுக்குள் போய், பிரஷ் சுற்றுவதை நிறுத்திவிட்டது.

சர்வீஸுக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில் "வணக்கம் சார், உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி." பொருளை எடுத்துப்போக ஆள் வருவார் என்றார்கள். நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் ஒருவர் கூப்பிட்டு, "சார், காலடி எங்க இருக்கு, கேரளாவா?" என்றார். காலடிப்பேட்டை என்று நான் சொன்னதை எங்கேயோ யாரோ பேட்டையை வெட்டிவிட்டுப் பதிந்திருக்கிறார்கள். அந்த ஆளைக் கோபிக்க முடியவில்லை, ஏனென்றால் எங்கள் ஊர்ப் பெயரே ஒரு புரூப் பிழை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம், காலெட்பேட்டை. ஜனங்கள் வாயில் அது காலடிப்பேட்டை ஆனது. 2021இல் மெட்ரோ ஸ்டேஷன் திறந்தபோது பிழையையே பெரிய எழுத்தில் பலகையில் எழுதிவிட்டார்கள். இனி திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம்.

மிஷின் போய்த் திரும்பி வர பதினேழு நாள். நாரை எடுத்துவிட்டார்கள், பணம் வாங்கவில்லை. ஆனால் வீட்டுப் படத்தை அழித்துவிட்டார்கள். சிவப்புக் கட்டம் இல்லாமல் முதல் நாளே கோலம் போனது. மறுபடி போன் செய்தால் மறுபடி வணக்கம் சார்.

அந்த வணக்கத்தைக் கேட்டபோதுதான் குறள் ஞாபகம் வந்தது. 827ஆவது குறள், கூடா நட்பு. பகைவர் சொல்லில் காட்டும் பணிவை நம்பாதே, வில் வளைவது தீமைக்குத்தான் என்கிறார். அவர் போட்டிருக்கும் சொற்களைப் பாருங்கள்: சொல்வணக்கம், வில்வணக்கம். தமிழில் வணங்குதல் என்றாலே முதலில் வளைதல்தான். ஆங்கிலத்தில் வில்லும் குனிதலும் ஒரே எழுத்தானதற்கும் அதுவே காரணம், இரண்டும் வளைவு என்ற ஒரே வேரில் கிளைத்தவை. அப்படியானால் ஆப்பில் வந்த 'வணங்கும் முறை' தெரியாமல் செய்த தப்பு, ஆனால் முழுத் தப்பில்லை. வள்ளுவர் வீட்டுக்கு இந்த மிஷின் போயிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருப்பார்.

இருந்தாலும் முப்பத்தொரு வருஷப் பழக்கம் விடுமா. கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். 'வணங்கும் முறை' என்பதை 'உழவுச்சால் முறை' என்று திருத்தவும், காரணம் கீழே, என்று ஒன்றரைப் பக்கம். கோர்ட்டின் ஊர்ச் சுவர் முதல் கோமூத்திரி வரை எல்லாம் எழுதினேன். மனைவி படித்துவிட்டு, "இதையெல்லாம் யாருங்க படிப்பாங்க?" என்றாள். பதிலுக்கு, உங்கள் சாதனத்தை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்து பார்க்கவும் என்று வந்தது.

மார்க் போட வேண்டுமென்றால் ஐந்துக்கு மூன்றரை. மொட்டைத் தரை, தாழ்ந்த நிலைப்படி, பூ வைக்காத வீடு என்றால் நாலரை. மிஷினோடு கூடவே இரண்டு ஃபில்டரும் ஒரு ஜோடி ஓரப் பிரஷ்ஷும் வாங்கிவிடுங்கள், தனியாக வாங்கினால் டெலிவரிக்கும் சேர்த்துத் தீட்டுகிறார்கள்.

போன வாரம் ஆப் அப்டேட் ஆனது. திறந்து பார்த்தேன். 'வணங்கும் முறை' போய், அந்த இடத்தில் இப்போது 'வில் முறை' என்று இருக்கிறது.